பருத்த தூண்

எங்கள் ஊர் நகராட்சிப் பணிமனையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிற எவரும் சாலையோரத்து வீட்டுத் தபால்பெட்டி ஒன்றை இடித்ததாக ஒப்புக்கொண்டது கிடையாது. பெட்டிதான் சாலைக்கு ரொம்பக் கிட்ட நின்றிருக்கும். இல்லையென்றால் அதன் கம்பம் சாய்ந்திருக்கும், அல்லது வீட்டுக்காரர் போன வாரம்தான் அதை இடம் மாற்றியிருப்பார். நான் வீடு வீடாகப் போய்ப் பெட்டியில் கடிதம் போடுகிற தபால்காரி. குளிர்காலம் முழுவதும் பனிக்குள்ளிருந்து பெட்டிகளைத் தோண்டி எடுத்தவள். இந்தக் கதைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

என்சியோ மட்டும் வேறு மாதிரி. ஒரு பிப்ரவரியில் என் பாதையில் வரிசையாகப் பெட்டிகள் விழுந்து கிடக்க, சண்டை போடலாம் என்று பணிமனைக்குப் போனேன். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி ஒருவர் எழுந்து வந்து, "நான்தான் இடிச்சேன்" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? வண்டியில் ஏற்றிக் காட்டினார். "இங்க பாரு. என் கண்ணு நடுவுல இருக்கு. வாருற தகடு வலது பக்கம் ஒரு கை நீளம் வெளிய நீட்டிட்டு இருக்கு. நான் போற இடம் வேற, தகடு போற இடம் வேற. தூக்கம் வந்தா அது மறந்துடும்." அந்த வசந்தத்தில் பனி கரைந்ததும் விழுந்த பெட்டிகளையெல்லாம் அவரே புதுக் கம்பத்தில் நட்டார். மறு வருடம் எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் எழுத வந்தது ஒரு துப்பாக்கியைப் பற்றி.

பனி வாருகிறவர்கள் விடியலுக்கு முன்பே வண்டி எடுத்துவிடுவார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். பழைய டயர்கள் கிடந்த பின்னறையில் நாலு கணினிகளைச் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர்கள் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். ஒரு பக்கம் நாலு பேர், எதிர்ப்பக்கம் நாலு பேர். ஒரு கூட்டம் படகில் வந்து இறங்கிக் கலங்கரை விளக்கைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கூட்டம் தடுக்க வேண்டும். ஊரிலுள்ள அலுவலகங்களுக்குள் போட்டியே உண்டு. பள்ளி ஆசிரியர்கள், மருத்துவமனைச் சமையலறை, தீயணைப்பு நிலையம், நாங்கள்.

எங்கள் அணிக்குக் கேப்டன் யல்மரி. ஓய்வு பெறும் வயது, உரத்த குரல், ஊரிலேயே அதிகப் பெட்டிகளைச் சாய்த்தவர். வியெனோ பெரிய வண்டி ஓட்டுகிறவள், அவளுக்கு நாக்குதான் கூர்மை. ஓட்சோ எல்லோரிலும் இளையவன், ஆட்டத்தின் எண்களையெல்லாம் தலைக்குள் வைத்திருப்பவன். நாலாவது ஆள் என்சியோ. ஆட்டத்துக்குள் அவருடைய பெயர் 'தபால்பெட்டி'. என்னைச் சீண்டத்தான் அப்படி வைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் காட்டில் லிங்கன்பெரிப் பழங்கள் பறித்துக்கொண்டிருந்தபோது என்சியோவின் இதயம் நின்றுவிட்டது. வாளி பாதி நிறைந்திருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

பனி விழத் தொடங்கியதும் வியெனோ என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நாலு பேர் இல்லைன்னா போட்டியிலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. நீ சும்மா வந்து உக்காந்தா போதும். சுடக்கூட வேண்டாம்" என்றாள். நான் போய் உட்கார்ந்தேன். அவருடைய நாற்காலி, அதில் அவருடைய தையல் பிரிந்த மெத்தை, மேசை இழுப்பறையில் அவருடைய உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய். திரைகூட அவருடைய பழைய திரைதான். அதன் வலது கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருப்புத் திட்டு. ஓட்சோ ஒருமுறை பனிப்பந்து என்று நினைத்து ஏதோ எறிந்ததில் வந்தது. என் தலைக்கு மேல் 'தபால்பெட்டி' என்ற பெயர் மிதந்தது. அதை மாற்ற நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சும்மா உட்கார்வது முதல் வாரத்தோடு சரி. எனக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், திட்டு வாங்குவதுதான் பிடித்தது. கடையில், தேவாலயத்தில், கடிதம் போடுகிற வாசல்களில் எல்லாம் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்தப் பின்னறையில் மட்டும் யல்மரி கத்தினார்: "தபால்பெட்டி, உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" குறி தவறினவளை யாரும் பாவம் பார்ப்பதில்லை.

ஆனால் ரொம்பவே தவறியது. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காபி குடிக்கும்போது யல்மரி என் எதிரில் உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தோட ஆட்டம். அதோட நீ தற்காலிகமா ஆடுற கெடு முடியுது சைமி. அன்னைக்கே நாலு பேர் பேரையும் நிரந்தரமா குடுத்தாகணும். குடிநீர்ப் பிரிவு ராஸ்முஸ் இருக்கான்ல, கேட்டுட்டே இருக்கான். நல்லா சுடுவான்."

"புரியுது" என்றேன்.

"நீ வந்து பாக்கலாம். காபி எப்பவும் இருக்கும்."

"புரியுது யல்மரி."

நன்றாகவே புரிந்தது. பார்க்க வருகிறவளிடம் யாரும் கத்தமாட்டார்கள்.

மறுநாள் பயிற்சி. எனக்குத் தந்த ஆயுதம் ஈட்டித் துப்பாக்கி. அதுவும் என்சியோவுடையதுதான்; யல்மரியிடமும் அதே மாதிரி ஒன்று உண்டு. மற்றத் துப்பாக்கிகளைப் போல் படபடவென்று சுடாது. ஒரு இரும்பு ஈட்டியை விடும். அது மெதுவாகப் பறந்து போகும், பட்டால் ஆளைச் சுவரோடு குத்தி நிறுத்தும். அடுத்த ஈட்டியை மாட்டுவதற்குள் ஒரு காபி போட்டுவிடலாம் என்று வியெனோ சொல்வாள்.

ஆட்டத்தில், படகுத்துறையிலிருந்து மேலே வரும் பாதையில் ஒரு கல்வாசல். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் ஒரு தூண், வலது கைப்பக்கம் ஒரு தூண். காவல் காப்பவர்கள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஓரமாக எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். எங்கள் அணியில் ஒரு விதி இருந்தது: ஈட்டித் துப்பாக்கிக்காரர் இடது தூணில்தான் நிற்க வேண்டும். வலது தூண் ஆகாது. ஏனென்றால் வலது தூண் பருத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் அங்கிருந்து விட்ட ஈட்டிகள் தூணின் விளிம்பிலேயே குத்தி நிற்கும். ஆட்டத்தை வரைந்தவர்கள் கல்லைச் சரியாக வரையவில்லை என்பது யல்மரியின் தீர்ப்பு.

நான் இடது தூணில் நின்றேன். பயிற்சிக்குப் படகிலிருந்து ஓடி வந்தது வியெனோ. குறியை அவள் நெஞ்சின்மேல் வைத்து விட்டேன். ஈட்டி என் மூக்குக்கு முன்னால் தூணில் குத்தி ஆடியது.

"தூணை நல்லா குத்தி வச்சுட்ட" என்றாள் வியெனோ, என்னைச் சாவகாசமாகச் சுட்டுவிட்டு. "இனிமே அது எங்கயும் ஓடாது."

"குறி உன் மேலதான் இருந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அவ சுடுறதுக்கு முன்னாடி கையை இழுத்துடறா" என்றார் யல்மரி. "மவுஸை இழுத்தா ஈட்டி சாயும்."

"ஈட்டி சாயாது கேப்டன்" என்றான் ஓட்சோ. "தூரம் போனா இறங்கும், அவ்வளவுதான். படகுத்துறை வரைக்கும் போனா ஒரு ஆள் உயரம் இறங்கும். பக்கவாட்டுல போகவே போகாது."

"ஓடிட்டே விட்டா போகும்."

"போகாது. நம்ம ஓடுற வேகம் ஈட்டியில சேராது."

"ஏன் சேராது? நான் வண்டியில போயிட்டே ஆப்பிளை வெளிய எறிஞ்சா அது எங்க விழும்?"

"நீங்க எறிஞ்சா எவனாவது ஒருத்தனோட தபால்பெட்டியில விழும்."

வியெனோ சிரித்ததில் அவளுடைய காபி மேசையில் கொட்டியது. யல்மரி விடவில்லை. ஓடிக்கொண்டே விட்டால், குனிந்து விட்டால், ஏணியில் தொங்கிக்கொண்டு விட்டால் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஓட்சோ ஒவ்வொன்றுக்கும் எண் சொன்னான். ஈட்டி மாட்டும்போது பாதியில் நிறுத்தலாமா கூடாதா என்று ஒரு தனிச் சண்டை. நிறுத்தலாம், ஆனால் மாட்டிய பாதி வீணாகும் என்று முடிந்தது. நான் அதற்குள் இன்னும் இரண்டு முறை தூணைக் குத்தியிருந்தேன்.

"ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "பருத்தது வலது தூண்னுதானே சொன்னீங்க? நான் இடது தூண்லதானே நிக்கிறேன்?"

வெளியே யாரோ தகட்டிலிருந்து பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"இதுவும் பருத்துடுச்சு போல" என்றாள் வியெனோ. "குளிர்காலத்துல எல்லாருக்கும்தான் பருக்குது."

ஆனால் எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். நாங்கள் நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்திருப்போம். அதனால் ஒருவர் திரையை இன்னொருவர் பார்ப்பதே இல்லை.

"சைமி, உன் துப்பாக்கி ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். எங்க எல்லாருக்கும் வலது கையில இருக்கு."

எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாளிலிருந்தே என் திரையில் துப்பாக்கி இடது கீழ் மூலையிலிருந்துதான் நீட்டிக்கொண்டிருந்தது. உலகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஓட்சோ வந்து பார்த்தான். திரையின் வலது மூலையிலிருந்த கருப்புத் திட்டைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. "ஓ. இந்த ஓட்டையில துப்பாக்கி மறைஞ்சிருக்கும். அதான் என்சியோ செட்டிங்ல கை மாத்தியிருக்கார்."

"நல்ல வேளை, நீ ரெண்டு எறியல" என்றாள் வியெனோ. "துப்பாக்கியைத் தலையில வச்சிருப்பாரு."

"அதெல்லாம் பார்வைக்கு மட்டும்" என்றார் யல்மரி தன் இடத்திலிருந்தே. "தொப்பி மாதிரி. சிவப்புத் தொப்பி போட்டா வேகமா ஓடுவியா? துப்பாக்கி எந்தக் கையில இருந்தாலும் ஈட்டி குறியிலேர்ந்துதான் கிளம்பும். நடுவுலேர்ந்து."

"பார்வைக்குத்தான்னுதான் நானும் நினைச்சேன்" என்றான் ஓட்சோ. முதல் முறையாக அவனிடம் எண் எதுவும் இல்லை.

நான் தூணில் ஆடிக்கொண்டிருந்த ஈட்டியைப் பார்த்தேன். தூணின் விளிம்பு என் இடது கைப்பக்கம். நான் வலது பக்கமாகத்தான் எட்டிப் பார்க்கிறேன். கண்ணுக்கு வழி திறந்திருக்கிறது. துப்பாக்கியின் வாய் மட்டும் இன்னும் கல்லுக்குப் பின்னால். எனக்கு என்சியோவின் வண்டி வாசனை வந்தது, டீசலும் ஈரக் கையுறையும்.

"கண்ணு நடுவுல இருக்கு" என்றேன். "தகடு ஒரு கை நீளம் வெளிய இருக்கு."

ஓட்சோ திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

"என் குறி வியெனோ மேலதான். ஆனா ஈட்டி கிளம்புற இடம் வேற. நான் போற இடம் வேற, தகடு போற இடம் வேற. யல்மரி, தூண் பருத்ததே இல்ல. உங்க எல்லாருக்கும் துப்பாக்கி வலது கையில. வலது தூண்ல நின்னா அது கல்லுல இடிக்குது. எனக்கு இடது கையில. இடது தூண்ல இடிக்குது."

"தூண் ரோட்டுக்கு ரொம்பக் கிட்ட நின்னுச்சு" என்று வியெனோ யல்மரியின் குரலில் சொன்னாள்.

யல்மரியின் கழுத்து சிவந்தது. "சோதிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

பார்த்தோம். நான் வலது தூணுக்குப் போனேன், எங்கள் விதிப்படி ஆகாத தூணுக்கு. யல்மரியே படகுத்துறையிலிருந்து ஓடி வந்தார், ரொம்ப நிமிர்ந்து, நிரபராதியைப் போல. இடது பக்கமாக எட்டிப் பார்த்து விட்டேன். ஈட்டி தூணைத் தொடாமல் போய் அவரைக் கல்வாசலின் எதிர்ச் சுவரில் குத்தி நிறுத்தியது. கைகால்கள் தொங்க அவர் அங்கே மாட்டியிருந்ததை மூவரும் நின்று ரசித்தோம்.

"இன்னொரு தடவை" என்றார் யல்மரி. இன்னொரு தடவையும் மாட்டினார். பிறகு ஓட்சோ கையை மாற்றி மாற்றி, இரண்டு தூண்களிலும் நின்று, சுவரில் வரிசையாக ஈட்டி குத்திப் பார்த்தான். சந்தேகமே இல்லை.

யல்மரி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எத்தனை வருஷம் அவனைத் திட்டியிருக்கேன். வலது தூணுக்குப் போகாதடா, அது பருத்ததுடான்னு. 'எனக்கு இங்கதான் வசதி'ம்பான். போய் நின்னு ஒருத்தனை விடாம குத்துவான். அதிர்ஷ்டம்னு நினைச்சேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று ஓட்சோ கேட்டான்.

"தெரியாம அங்கயே போய் நிப்பாரா?" என்றாள் வியெனோ.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேட்டீங்களா?" என்றேன். "தூண் பருத்ததுன்னு சொன்னீங்க. பருத்ததுன்னு சொல்றவங்ககிட்ட அவர் என்னத்தைச் சொல்லுவார். சிரிச்சிருப்பார்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் எப்படிச் சிரிப்பார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். கொஞ்ச நேரம் நாலு பேரின் தோள்களும் அப்படித்தான் குலுங்கின.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பணிமனைக் கூரையிலிருந்து பனிக்கட்டிகள் ஒழுகின. தீயணைப்பு நிலையத்தார் தங்கள் இடத்திலிருந்தே ஆடுவார்கள், குரல் மட்டும் எங்கள் காதுக்கு வரும். அவர்கள் கேப்டன் ஆட்டத்துக்கு முன்பே ஆரம்பித்தார்: "என்ன யல்மரி, இன்னைக்கு எத்தனை பெட்டி?"

"நீ போய்ப் பூனையை மரத்துலேர்ந்து இறக்கு" என்றார் எங்கள் கேப்டன்.

மூன்று சுற்றில் இரண்டு வென்றால் வெற்றி. முதல் சுற்றில் நாங்கள்தான் தாக்க வேண்டும். படகை விட்டு இறங்குவதற்குள்ளேயே தோற்றோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் காவல். நான் வலது தூணுக்குப் போனேன். யல்மரி இடது தூணில், தன் ஈட்டித் துப்பாக்கியோடு. முதலில் ஓடி வந்தவன் வலது தூணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அந்தத் தூண் பருத்ததுதான் போலிருக்கிறது. குத்தினேன். மாட்டினேன். அடுத்தவனையும் குத்தினேன்.

"யார் அது?" என்று அவர்கள் கேப்டன் கேட்டது காதில் விழுந்தது. "தபால்பெட்டியா? தபால்பெட்டி எப்படி..." என்று இழுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்சியோவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

"அவர் பொண்டாட்டி" என்றேன் ஒலிவாங்கியில். "கவனமா வாங்க."

அந்தச் சுற்று எங்களுக்கு. வியெனோ எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தாள். ஓட்சோ என் மேசைமேல் ஒரு முழு ரொட்டியை வைத்துவிட்டுப் போனான். யல்மரி மவுஸை எதற்கோ அழுத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றிலும் காவல்தான். இந்த முறை அவர்கள் வலது தூணுக்குப் பயந்து இடது தூண் ஓரமாகவே வந்தார்கள். அதாவது யல்மரியின் வாயிலேயே வந்து விழுந்தார்கள். கையெட்டும் தூரத்தில் இரண்டு பேர். யல்மரி விட்டார். ஈட்டி அவருடைய தூணிலேயே குத்தியது.

"என்ன அது?" என்றாள் வியெனோ.

யல்மரி மறுபடி மாட்டினார், விட்டார். மறுபடியும் தூண். அதற்குள் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

"கேப்டன்" என்றான் ஓட்சோ மெல்ல, "கையை மாத்திட்டீங்களா?"

"சும்மா... எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு."

"கையை மாத்தினா தூணையும் மாத்தணும்ல."

"மறந்துட்டேன்."

ஓட்சோவும் வியெனோவும் சிரிப்பை அடக்கியபடியே ஆடினார்கள். விழுவதற்கு முன் இரண்டு பேரைச் சாய்த்தும்விட்டார்கள். "தபால்பெட்டி மட்டும் நிக்குது" என்றாள் வியெனோ. மூன்று பேரும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். எதிரில் இன்னும் இரண்டு பேர். ஒருவனைத் தூரத்திலேயே குத்தினேன், இறக்கத்துக்காக ஒரு தலை உயரம் மேலே வைத்து, ஓட்சோ சொல்லித் தந்தபடி. இரண்டாமவன் ஓடி வந்தான். நான் ஈட்டி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆயுதத்தில் அதுதான் பெரிய குறை என்று முன்பே சொன்னேன். ஈட்டி குழலில் உட்கார்ந்த அதே நேரத்தில் தபால்பெட்டி விழுந்தது.

தோற்றோம். தீயணைப்பு நிலையத்தில் ஆர்ப்பாட்டம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கருப்புத் திட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

"நாலு பேர் பேர் குடுக்கணும்ல" என்றாள் வியெனோ. "ஒரு யோசனை. யல்மரியை எடுத்துட்டு ராஸ்முஸைப் போடலாம்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் ஓட்சோ.

யல்மரி கணினியில் பெயர்களை அடித்தார். ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டே, ஒற்றை விரலால். வியெனோ. ஓட்சோ. யல்மரி. பிறகு நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"சைமி. ஆட்டத்துல உன் பேரு மாத்தணுமா? இப்பவே மாத்திடலாம்."

"அதே இருக்கட்டும்."

"துப்பாக்கி? ஓட்சோ புதுத் திரை வாங்கித் தர்றேன்னு சொல்றான். வலது கைக்கு மாத்திக்கலாம்."

"அதுவும் இருக்கட்டும்" என்றேன். "வலது தூண்ல நிக்க ஒருத்தர் வேணுமே."

என் பெயரையும் அடித்து அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பெரிய பனி விழுந்தது. மறுநாள் கடிதம் போடப் போனால், என் வீட்டு வாசலிலேயே பெட்டி மல்லாந்து கிடந்தது. மதியம் பணிமனைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். யல்மரி கையில் காபியோடு எழுந்து நின்றார். வியெனோவும் ஓட்சோவும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நான்தான் இடிச்சேன்" என்றார்.